டோக்கியோவில் திருவிழா பார்க்க வேண்டும் என்றால்

கேள்வி இது: "அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். கியோட்டோ போக நேரம் கிடைக்காது. டோக்கியோ முழுக்கக் கண்ணாடிக் கட்டடமும் ரயிலும்தான் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஜப்பானியப் பண்பாடு, கோயில், திருவிழா எல்லாம் அந்த நகரத்துக்குள்ளேயே பார்க்க முடியுமா? எங்கே, எப்போது?"

தாராளமாக முடியும். திருவிழா என்று எடுத்துக்கொண்டால் கியோட்டோவுக்குச் சற்றும் குறையாத ஊர் டோக்கியோ. அங்கே கண்ணாடிக் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள், பெரும்பாலும் எந்தத் தேதியில் எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று தெரியாமல் போனவர்கள்தான்.

பழைய கட்டடம் குறைவு என்பது உண்மை. 1923 செப்டம்பர் 1 அன்று மதியம் வந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து பரவிய தீயும் டோக்கியோ, யோகோஹாமா பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அப்புறம் 1945 மார்ச் 10 நள்ளிரவு அமெரிக்கக் குண்டுவீச்சில் நகரின் கிழக்குப் பகுதி ஒரே இரவில் சாம்பலானது. அன்றும் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அசகுசா பகுதியில் இருக்கும், நகரின் மிகப் பழைய பௌத்தக் கோயிலான சென்சோஜி நிலநடுக்கத்தில் தப்பித்து, 1945இல் எரிந்துபோனது. இப்போது நீங்கள் பார்க்கும் பெரிய மண்டபம் 1958இல் கான்கிரீட்டில் எழுப்பியது. அதன் முன்னால் சிவப்பு விளக்கு தொங்கும் கமினாரிமொன் என்ற இடிவாயில் 1865இல் எரிந்து, 1960இல்தான் திரும்ப வந்தது. பானசோனிக் நிறுவனரான மட்சுஷிடா கோனோசுகே கொடுத்த பணத்தில் கட்டினார்கள். பழைய சுவரைத் தேடிப் போகிறவருக்கு இதெல்லாம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த மக்கள் பேட்டை பேட்டையாகச் சங்கம் வைத்துக்கொண்டு, அதே சாமியை அதே தெரு வழியாக இன்றும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். டோக்கியோவின் பழமை அங்கே இருக்கிறது. எனவே பயணத் தேதியை முதலில் பாருங்கள். இடங்களை அதற்கு ஏற்ப முடிவு செய்யலாம்.

மே மாதம் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். மூன்றாவது வார இறுதியில் அசகுசாவில் நடக்கும் சன்ஜா திருவிழாவைப் பாருங்கள். 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த இரண்டு சகோதரர்களின் வலையில் பௌத்தக் கருணைத் தெய்வமான கன்னொன் சிலை ஒன்று சிக்கியது, ஊர்ப் பெரியவர் அதை அடையாளம் கண்டு தன் வீட்டையே கோயிலாக்கினார் என்பது ஐதீகம். அந்தச் சிலைக்கான கோயில்தான் சென்சோஜி. சகோதரர்களையும் ஊர்ப் பெரியவரையும் தெய்வமாக வைத்து, பக்கத்திலேயே ஜப்பானின் சொந்த மரபான ஷின்டோ முறையில் ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். அதுதான் அசகுசா ஜிஞ்ஜா. 1649இல் ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், டொக்குகவா இயெமிட்சு கொடுத்த கட்டடம். நிலநடுக்கம், குண்டு இரண்டிலும் தப்பிப் பிழைத்தது. சென்சோஜிக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர்கூட வலப்பக்கம் திரும்பி இதைப் பார்ப்பதில்லை. நீங்கள் திரும்பிப் பாருங்கள்.

திருவிழாவில் தூக்கப்படுவது மிகோஷி. கருப்பு அரக்கும் பொன்னும் பூசி, மேலே பறவை உருவம் வைத்து, நீளமான தடிகளில் கட்டிய சின்னக் கோயில் அது. நம் ஊர்ச் சப்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அசையாமல் கொண்டுபோக வேண்டும் என்று இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. குலுக்கித்தான் தூக்குவார்கள். குலுக்கக் குலுக்க உள்ளே இருக்கும் சாமிக்குச் சக்தி கூடும் என்பது நம்பிக்கை. சனிக்கிழமை பேட்டைகளின் சொந்த மிகோஷிகள் சுமார் நூறு, சென்சோஜிக்குப் பின்னால் கூடி ஒவ்வொன்றாகப் புறப்படும். குழந்தைகள் தூக்கும் சின்ன மிகோஷிகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலின் மூன்று பெரிய மிகோஷிகள் வெளியே வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன் எடை. விடியற்காலையில் கோயில் வாசலில் முதலில் தோள் கொடுப்பது யார் என்று நடக்கும் தள்ளுமுள்ளு கடுமையாக இருக்கும். அங்கே குடும்பத்தோடு போய் நிற்க வேண்டாம். சனிக்கிழமை மதியமே நல்லது. பெரிய சாலையை விட்டுவிட்டு உள்தெருக்களில் நில்லுங்கள். ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு பந்தல் போட்டு, சாமிக்குச் சாக்கே என்ற அரிசி மது வைத்து, நன்கொடை கொடுத்தவர் பெயர்களைத் தாளில் எழுதி வரிசையாக ஒட்டியிருப்பார்கள். மிகோஷி அங்கே வந்து இறங்கும், எல்லாரும் சேர்ந்து தாளம் மாறாமல் கை தட்டுவார்கள், அடுத்த பேட்டைக்காரர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கைமாற்றம் நடக்கும் இடத்தில் நின்றால், இந்த நகரம் எப்படி இயங்குகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

சில நடைமுறைகள். பேட்டையின் பெயர் போட்ட மேலங்கி அணியாதவர்கள் தடியைத் தொடக்கூடாது. மேலே நின்று மிகோஷியைக் குனிந்து பார்ப்பது மரியாதைக் குறைவு என்று பழையவர்கள் கருதுவார்கள். மாடி, நடைமேம்பாலம் எல்லாம் தவிர்த்துவிடுங்கள். மிகோஷிமேல் ஏறி நிற்பது அதைவிடப் பெரிய தவறு. 2007இல் சிலர் தடையை மீறி ஏறியதால், 2008இல் மூன்று பெரிய மிகோஷிகளின் ஊர்வலத்தையே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு கண்டிப்பு.

மே நடுவில், ஒற்றைப்படை ஆண்டாக இருந்தால் கண்டா திருவிழாவும் சேர்ந்து கிடைக்கும். இரட்டைப்படை ஆண்டு என்றால் ஜூனில் சன்னோ திருவிழா. இந்த இரண்டு ஊர்வலங்களுக்கு மட்டும் அந்தக் காலத்தில் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டைக்குள் நுழைய அனுமதி உண்டு, ஷோகுனே பார்ப்பார். ஆண்டுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி நடத்தும் வழக்கம் அப்போதே வந்ததுதான். கண்டா கோயிலில் வணங்கப்படும் தெய்வங்களில் ஒருவர் தைரா நோ மசகாடோ. பேரரசருக்கு எதிராகக் கிளம்பி 940இல் கொல்லப்பட்டவர். அவருடைய தலை புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் ஒட்டேமாச்சியில், வங்கிகளின் உயரமான கட்டடங்களுக்கு நடுவே, இன்றும் கட்டடம் எழும்பாமல் இருக்கிறது. நகரத்தின் விலை உயர்ந்த நிலங்களில் ஒன்று அது. அதே கண்டா கோயிலில், மின்னணுக் கடைகள் நிறைந்த அகிஹாபரா பக்கத்தில் இருப்பதால், கணினிக்கும் தரவுக்கும் காப்புத் தாயத்து விற்கிறார்கள். கணினி வேலையில் இருப்பவர்களுக்கு வாங்கிக் கொடுக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை.

கண்டா, நிஹோன்பாஷி பகுதிகளில் இப்போது குடியிருப்பவர்கள் குறைவு, அலுவலகங்கள்தான் அதிகம். அதனால் அங்குள்ள நிறுவனங்களின் ஊழியர்கள் மேலங்கி போட்டுக்கொண்டு தோள் கொடுக்கிறார்கள். வெளியூரிலிருந்து தூக்குவதற்கென்றே குழுக்கள் வருகின்றன. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆள் இல்லை என்று மிகோஷியைக் கொட்டகையில் பூட்டிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

ஆகஸ்டு நடுவில் போனால் ஃபுகாகவா திருவிழா. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் முழு அளவில் நடக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட மிகோஷிகள் வரிசையாக வரும். வழி நெடுக நிற்கும் மக்கள் வாளியிலும் குழாயிலும் தண்ணீரை எடுத்துத் தூக்குபவர்கள்மேல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த வெயிலில் அது அவர்களுக்குத் தேவைதான். 1807இல் இதே திருவிழாவைப் பார்க்க வந்த கூட்டத்தின் பாரம் தாங்காமல் எய்தாய் பாலம் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இன்றும் ஊர்வலம் அந்தப் பாலத்தைக் கடந்துதான் போகிறது. கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

பெரிய திருவிழாக்கள் தேதி ஒத்துவரவில்லையா? பரவாயில்லை. எனக்கு இவற்றைவிடச் சின்னச் சந்தைகள்தான் பிடிக்கும். ஜூலை 6 முதல் 8 வரை இரியாவில் நீலமும் ஊதாவுமாகக் காலையில் மலரும் அசகாவோ செடிகளின் சந்தை. அதிகாலையில் போனால்தான் பூ விரிந்திருக்கும். ஜூலை 9, 10 தேதிகளில் சென்சோஜியில் ஹோசுகி சந்தை. ஆரஞ்சு நிறத் தாள் விளக்குபோலக் காய் தொங்கும் செடியைக் கண்ணாடி மணியோடு தொட்டியில் விற்பார்கள். அந்த நாளில் கும்பிட்டால் 46,000 நாள் கும்பிட்ட புண்ணியம் என்று நம்புகிறார்கள். 46,000 நாள் என்றால் சுமார் 126 ஆண்டு, ஒரு ஆயுளுக்குப் போதும்.

நவம்பரில் தோரி நோ இச்சி என்ற சேவல் நாள் சந்தை. பன்னிரண்டு நாள் சுழற்சியில் சேவல் நாள் வரும்போதெல்லாம் நடக்கும். அதனால் ஒரு நவம்பரில் இரண்டு அல்லது மூன்று முறை வரும். அசகுசாவின் ஓதோரி கோயிலும் ஷின்ஜுகுவின் ஹனசோனோ கோயிலும் பேர் பெற்றவை. விற்கும் பொருள் மூங்கிலால் செய்த வாரி. செல்வத்தை வாரிக்கொண்டு வரும் என்று கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் வாங்குவார்கள். அதில் முகமூடி, தங்கக் காசு, மீன், நெற்கதிர் என்று அலங்காரம் குவிந்திருக்கும். ஜப்பானில் பேரம் பேசுவது அபூர்வம், ஆனால் இங்கே பேசியே ஆக வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லி, குறைத்த பிறகு, அந்த மிச்சத்தை விற்றவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவது பழைய நாகரிகம். பணம் கைமாறியதும் கடை ஆட்கள் எல்லாரும் சேர்ந்து குரல் எழுப்பிக் கை தட்டுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும் என்பது வழக்கம். எனவே முதல்முறை உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கினால் போதும். இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். வரிசை வரிசையான விளக்குகளுக்குக் கீழே இந்த வாரிகள் சுவர்போல அடுக்கியிருப்பதைப் பகலில் பார்த்தால் பாதி அழகுதான்.

கோடையில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது போன் நடனம். முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள் போன். ஜப்பானின் பெரும்பகுதியில் அது ஆகஸ்டு நடுவில், டோக்கியோவில் ஜூலை நடுவில். நடனங்கள் மட்டும் ஜூலை, ஆகஸ்டு முழுக்க ஏதோ ஒரு பேட்டையில் நடந்துகொண்டே இருக்கும். நடுவே மரக்கோபுரம், அதன்மேல் பெரிய மேளம், சுற்றி வட்டம் வட்டமாக மக்கள். யார் வேண்டுமானாலும் வட்டத்துக்குள் போகலாம், கட்டணம் இல்லை, உடையும் கட்டாயம் இல்லை. உள்வட்டத்தில் ஆடும் பாட்டிமார்களின் கையைப் பார்த்து ஆடினால் மூன்றாவது சுற்றில் பிடிபட்டுவிடும். மிகோஷியை நீங்கள் வெளியில் நின்றுதான் பார்க்க முடியும். இங்கே நீங்களும் ஒருவர்.

ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோயில் முற்றத்தில் நடக்கும் போன் நடனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பக்கத்து மீன் சந்தைக் கடைகள் உணவு விற்பது ஒரு காரணம். இன்னொன்று அந்தக் கட்டடம். நிலநடுக்கத்தில் அழிந்த பழைய கோயிலுக்குப் பதில் 1934இல் கட்டியது. கட்டடக் கலைஞர் இட்டோ சூட்டா 1902இலிருந்து சில ஆண்டுகள் சீனா, பர்மா, இந்தியா, துருக்கி என்று சுற்றியவர். பௌத்தம் பிறந்த நாட்டின் சாயலில் கோயில் இருக்க வேண்டும் என்று கல்லில் வளைவு முகப்பும் தூபிகளும் வைத்துக் கட்டினார். டோக்கியோ நடுவில் அதைப் பார்க்கும்போது நம் ஆட்கள் ஒரு கணம் நின்றுவிடுவார்கள்.

ஆகஸ்டு கடைசி வார இறுதியில் கோயென்ஜியில் அவா ஓடோரி என்ற தெருநடனம். கடைத்தெருவுக்குக் கூட்டம் சேர்க்க 1957இல் இளைஞர்கள் தொடங்கியது, இன்று ஏறக்குறைய பத்தாயிரம் பேர் ஆடுகிறார்கள். நின்று பார்க்க இடம் பிடிக்க இரண்டு மணி நேரம் முன்னால் போக வேண்டும். ஜூலை கடைசி சனிக்கிழமை சுமிதா ஆற்று வாணவேடிக்கை, சுமார் 20,000 வெடிகள். அழகுதான், ஆனால் கூட்டம் தாங்காது.

இனி எந்த மாதத்திலும் போகக்கூடிய ஒரு நடை. டோக்கியோவில் நம் தெய்வங்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவர்கள் அவர்கள். உவேனோ பூங்காவில் ஷினோபஸு குளத்தின் நடுத்தீவில் எண்கோணக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவள் பென்டென், அதாவது நம் சரஸ்வதி. ஜப்பானில் பொதுவாக அவள் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற தந்திக் கருவி. 1625இல் கான்எய்ஜி கோயிலைக் கட்டிய துறவி தென்காய், இந்தக் குளத்தைக் கியோட்டோ அருகே இருக்கும் பிவா ஏரியாகப் பாவித்து, அங்குள்ள தீவைப்போலவே இங்கே ஒன்றை அமைத்தார். ஜூலை, ஆகஸ்டில் குளம் முழுக்கத் தாமரை. காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள்.

இந்தக் கோயில் யனகா ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் யாத்திரையில் ஒரு நிறுத்தம். ஏழு பேரில் மூவர் நம் நாட்டிலிருந்து போனவர்கள்: பென்டென் சரஸ்வதி, பிஷாமொன் குபேரன், டைகோகு மகாகாளன். மகாகாளன் அங்கே அரிசி மூட்டைமேல் நின்று சுத்தியலோடு சிரிக்கிறார். பயங்கரம் எல்லாம் போய்விட்டது. புத்தாண்டின் முதல் பத்து நாட்களில் ஏழு கோயில்களிலும் முத்திரை வாங்கிக்கொண்டு நடப்பது எடோ காலத்து வழக்கம். தபாட்டாவில் தொடங்கி உவேனோவில் முடித்தால் இரண்டு மூன்று மணி நேரம். மற்ற நாட்களில் சில சன்னதிகள் மூடியிருக்கும், ஆனால் நடை வீண்போகாது. யனகா நிலநடுக்கத்திலும் குண்டுவீச்சிலும் பெரும்பாலும் தப்பித்த பேட்டை. மரவீடு, சந்து, எழுபது போலக் கோயில்கள், கடைசி ஷோகுனின் கல்லறை இருக்கும் இடுகாடு எல்லாம் அங்கே உண்டு. நேரம் ஒரே ஒரு அரைநாள்தான் என்றால் நான் யனகாவுக்குத்தான் அனுப்புவேன்.

பிள்ளையாரும் இருக்கிறார். சென்சோஜியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில், ஆற்றோரச் சிறுகுன்றின்மேல் மட்சுச்சியாமா ஷோடென். அவர் அங்கே கங்கிதென். இரண்டு உருவங்கள் தழுவிய நிலையில் இருக்கும் மூர்த்தி, யாருக்கும் காட்டுவதில்லை, மறைவாகவே வைத்திருக்கிறார்கள். கொழுக்கட்டைக்குப் பதில் படையல் முள்ளங்கி. நீளமான வெள்ளை முள்ளங்கியைக் கோயிலிலேயே விற்கிறார்கள், வாங்கி வைத்துக் கும்பிடலாம். ஜனவரி 7 அன்று படைத்த முள்ளங்கியை வேகவைத்து வருபவர்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். சுற்றுலாக் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

வழிபாட்டு முறையில் ஒரே ஒரு வித்தியாசம் நினைவில் இருந்தால் போதும். ஷின்டோ கோயிலில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். பௌத்தக் கோயிலில் கை தட்டாமல் கும்பிடுவார்கள்.

மெய்ஜி கோயிலை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் காட்டுக்காக. 1920இல் கோயில் எழுந்தபோது அது வெட்டவெளிபோன்ற நிலம். நாடு முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு, நூறு, நூற்றைம்பது ஆண்டில் தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் காடாக மாறும்படி திட்டமிட்டார்கள். இன்றும் பாதையில் விழும் இலையைக் கூட்டி எடுத்துக் காட்டுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். புத்தாண்டின் முதல் மூன்று நாளில் இங்கே வருபவர்கள் சுமார் முப்பது லட்சம். நீங்கள் ஒரு சாதாரண நாளின் காலையில் போங்கள்.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்க 634 மீட்டர் ஸ்கைட்ரீக்குப் பணம் கட்டி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடிக்கு இலவசமாகப் போகலாம். கபுகி நாடகம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தால் நாலு மணி நேரம் ஆகும். கின்ஸாவின் கபுகிசாவில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் நான்காம் மாடிச் சீட்டு கிடைக்கும், முதல் அனுபவத்துக்கு அது போதும். சுமோ போட்டி டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பரில் மட்டும், ஒவ்வொன்றும் 15 நாள், ரியோகோகு அரங்கில். சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், பயணத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றி: சைவமாக இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் தெரியும் குழம்பில்கூட மீன் வற்றலில் எடுத்த சாறு இருக்கும். திருவிழாக் கடைகளில் சுட்ட சோளம், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள், இனிப்புப் பாகு ஊற்றிய பனித்துருவல் ஆகியவற்றைப் பெரும்பாலும் சாப்பிடலாம். சாதமும் சாம்பாரும் தேடினால் நிஷிகசாய்க்குப் போங்கள்; இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி.

நீங்கள் போகும் வாரத்தில் நான் சொன்ன எதுவுமே இல்லை என்றால், அசகுசா இடிவாயிலுக்கு நேர் எதிரே மரச்சட்டங்கள் அடுக்கிய முகப்போடு எட்டு மாடியில் சுற்றுலாத் தகவல் மையம் ஒன்று இருக்கிறது. அந்த வாரம் எந்தப் பேட்டையில் என்ன திருவிழா என்று அங்கே ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். ஜூன், செப்டம்பர் மாதங்களில் சின்னச் சின்னக் கோயில்களின் திருவிழாக்கள் வார இறுதிதோறும் இருக்கும். தங்கியிருக்கும் தெருவில் வீட்டு வாசல்களில் வெள்ளைத் தாள் விளக்குகள் தொங்க ஆரம்பித்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.